பாலிஷ் போட்ட பசு

மனைவி பிரேமலா போன பிறகுதான் அர்ச்சுனன் பசுவுக்குப் பாலிஷ் போட ஆரம்பித்தார்.

பாலிஷ் என்றால் தேங்காய் எண்ணெய். காலையில் பால் கறந்து முடித்ததும் பசுவைக் கொட்டகைக்கு வெளியே கட்டுவார். ரப்பர் குழாயில் தண்ணீர் அடித்து, பிள்ளைகளுக்குப் போடும் ஷாம்பு தேய்த்துக் குளிப்பாட்டுவார். ஈரம் காய்ந்ததும் உள்ளங்கை நிறைய எண்ணெய் எடுத்துக் கழுத்திலிருந்து வால் வரைக்கும் தடவி, மஞ்சள் துணியால் வட்டம் வட்டமாகத் துடைப்பார். தம்போயில் கார், லோரி என்று காடிகளுக்குச் சாயம் அடித்து மெருகேற்றும் பட்டறையில் முடி இருந்தபோது சேர்ந்து, முடி கொட்டிய பின் ஓய்வு பெற்ற மனிதர். அவருடைய கைக்கு வட்டமாகத் துடைக்க மட்டும்தான் தெரியும். கடைசியில் துணியில் மிச்சமிருக்கும் எண்ணெயைத் தன் வழுக்கைத் தலையிலும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார். எண்ணெயை வீணாக்கலாமா?

பசுவின் பெயர் சிலேட்டு. பிரேமலா வைத்த பெயர். கன்றாக வாங்கி வந்தபோது கறுப்பும் சாம்பலும் கலந்த மங்கலான தோல், விரலால் கோடு போட்டால் தெரியும். "பள்ளிக்கூடத்து சிலேட்டு மாதிரியே இருக்கு," என்றாள், அப்படியே நின்றுவிட்டது. அவள் இறந்து சில மாதங்களில் சிலேட்டு ஒரு வெளுத்த கன்றை ஈன்றது. அர்ச்சுனன் கொட்டகை வாசலில் நின்று யோசித்தார். சிலேட்டுக்குத் துணையாக வேறென்ன பெயர் வைப்பது? பல்பம் என்று வைத்தார். சொல்லிச் சிரிக்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

மாடு பிரேமலாவின் உலகமாக இருந்தது. ஜோகூரில், பெக்கான் நானாஸுக்கு வெளியே, அன்னாசித் தோட்டங்கள் முடிந்து செம்பனை தொடங்கும் இடத்தில் அவர்கள் வீடு. பின்னால் கறுத்த தண்ணீரோடு ஒரு வாய்க்கால். ஊரில் எல்லாருக்கும் அது பாரிட். அர்ச்சுனன் விடிந்ததும் தம்போய்க்குப் போவார், இருட்டும் நேரம் வருவார். மாட்டின் பக்கம் போனால் சட்டை அழுக்காகும் என்று தூரத்திலேயே நிற்பார். இப்போது அவள் இல்லை, மாடு இருந்தது. அவளுடைய பொருளை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பொருளை நன்றாக வைத்துக்கொள்வது எப்படி என்று அவருக்குத் தெரிந்த ஒரே வழி, அதில் முகம் தெரியும் வரை துடைப்பது.

சிலேட்டு மின்னியது. புதிதாக இறக்கிய காடியைப் போல மின்னியது. அதோடு உதைக்கவும் ஆரம்பித்தது.

காரணம் மாட்டு ஈ. பாரிட் பக்கத்திலிருந்து பகல் வெயிலில் கிளம்பி வரும். கட்டைவிரல் நகம் அளவு இருக்கும்; பழுப்பு உடம்பு, முதுகில் வெளுத்த கோடுகள், தலை முழுக்கப் பச்சைக் கண். கொசுவைப் போல நாசூக்காகக் குத்தத் தெரியாது. தோலை அறுத்து, வழியும் இரத்தத்தை நக்கும். சிலேட்டின் விலாவிலும் மடியிலும் எந்நேரமும் நாலைந்து உட்கார்ந்திருக்கும். அர்ச்சுனன் துணியால் விசிறுவார். போன ஈ திரும்பி வருவதற்குள், துணிதான் கையில் இருக்கிறதே என்று இன்னொரு முறை பளபளவென்று துடைப்பார்.

இதெல்லாம் கொட்டகையோடு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தெப்ராவில் ஒரு புது வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத்துக்குப் பசுவும் கன்றும் கேட்டுக் கூப்பிட்டார். பிரேமலா இருந்த காலத்தில் சிலேட்டு எத்தனையோ வீடுகளில் மகாராணி மாதிரி நுழைந்து, வாழைப்பழம் தின்று, படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அந்த நம்பிக்கையில் அர்ச்சுனன் ஒன்றுக்கு இரண்டு முறை எண்ணெய் போட்டு, பக்கத்து வீட்டு செல்வாவின் லோரியில் ஏற்றினார். மாட்டோடு பெக்கான் நானாஸ் ஈக்களும் கட்டணம் இல்லாமல் ஏறிக்கொண்டன.

வாசற்படியில் சிலேட்டு முன்காலை வைத்த நேரம், ஒரு ஈ மடியில் உட்கார்ந்து அறுத்தது. பின்கால் போன வேகத்தில் கும்பம் சாக்கடைக்குப் போனது. வாழைமரம் சாய்ந்தது. ஐயர் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவின்மேல் ஏறி நின்று மந்திரத்தைத் தொடர்ந்தார். சிலேட்டு கேட்டைத் தாண்டி, தாமான் குடியிருப்பின் மூன்று சந்துகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் முழுவதையும் போனில் எடுத்து, பின்னணியில் நாதஸ்வரமும் சேர்த்து அனுப்பினான்.

அன்று மாலையே மகள் ரூபினி கூப்பிட்டாள். அவளுக்கு சிங்கப்பூரில் வேலை. தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறவள்.

"அப்பா, அந்த வீடியோல ஓடுறது நம்ம மாடுதானே?"

"சேச்சே. எல்லாக் கறுப்பு மாடும் ஒரே மாதிரிதான்மா இருக்கும்."

"மாடு ஒரே மாதிரி இருக்கும். பின்னால ஓடுற வழுக்கை உங்களுதுதான்ப்பா."

அர்ச்சுனன் தலையைத் தடவிக்கொண்டார்.

ரூபினி சிரித்துவிட்டுக் குரலை இறக்கினாள். அவளும் கணவன் மதிவாணனும் தம்போயில் வீடு வாங்கியிருந்தார்கள். அடுத்த மாதம் கிரகப்பிரவேசம். கீழே ஒரு அறை அப்பாவுக்கென்றே வைத்திருக்கிறார்கள். "வந்துடுங்கப்பா. மாட்ட யாருக்காச்சும் குடுத்துடலாம். நீங்க அங்க ஒத்தையா இருக்கீங்க. அது ஒரு உதை விட்டு நீங்க விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? அம்மாவுக்கு ராத்திரி முடியாம போனப்பவாச்சும் நீங்க பக்கத்துல இருந்தீங்க."

"உதைக்காதும்மா. அது நல்ல மாடு."

"வீடியோ பாத்துட்டுதானே பேசறேன்?"

கொடுப்பது என்றால் யாருக்குக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியும். வாரா வாரம் பழைய லோரியில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் மாட்டு வியாபாரி. அவன் மாட்டைப் பார்க்கும் பார்வையிலேயே எடைக்கல் தெரியும்.

"சரி, ஒரு பேச்சு," என்றார். "உன் வீட்டுக்கு சிலேட்டுதான் வரும். சத்தம் காட்டாம உள்ள வந்து, சத்தம் காட்டாம வெளிய போச்சுன்னா, அது என்கூட இருக்கும். நானும் இங்கதான் இருப்பேன். நீ அதப்பத்தி அப்புறம் பேசக் கூடாது."

"காலத் தூக்குச்சுன்னா?"

"வித்துடறேன். வந்துடறேன்."

சொல்லிவிட்டார். போனை வைத்துவிட்டு மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

*

அந்த வாரத்தில்தான் ஃபாயிஸா வந்தாள். ஜோகூர் பாருவில் அவள் அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கடை. மகள் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிப்புக்கு மாட்டு ஈயை எடுத்துக்கொண்டிருந்தாள். தலைத்துணிக்கு மேலே வைக்கோல் தொப்பி, முழங்கால் வரை ரப்பர் காலணி, கையில் ஒரு பெரிய கறுப்புப் பந்து.

"அங்கிள், உங்க பாரிட் ஓரத்துல இதக் கட்டித் தொங்க விடலாமா?"

"என்னம்மா இது, திருஷ்டிக்கா?"

"ஈக்கு அங்கிள். ஈ புடிக்க."

கூடாரம் போல ஒரு வெள்ளை வலை, அதற்கு அடியில் காற்றில் ஆடும் கறுப்புப் பந்து, வலையின் உச்சியில் ஒரு போத்தல். ஈ பந்தை மாடு என்று நினைத்து வந்து உட்காரும். ஏமாந்த பிறகு மேலே பறக்கும். மேலே பறந்தால் போத்தல்தான்.

"அப்பன் நல்ல சோறு போட்டு வளர்த்து, புள்ள ஈ புடிக்க வந்துருக்கு," என்றார் அர்ச்சுனன்.

"எங்கப்பாவும் அதேதான் சொன்னாரு. கடையிலயே நெறைய இருக்கே, அங்கயே புடியேன்னாரு."

அர்ச்சுனனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. அவள் குனிந்து, தண்ணீருக்கு மேல் சாய்ந்திருந்த கோரை இலை ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். அடியில் கருப்பாக, தார் சொட்டியது போல ஒரு திட்டு. அத்தனையும் முட்டை.

"இந்தப் பாரிட்தான் அங்கிள் இதோட தாமான். முட்டைக்கு இந்த எல, மேல்மாடி. பொரிச்சதும் புழு தொபுக்குனு கீழ விழும். கீழ சேறு, அங்க மாசக்கணக்கா குடியிருக்கும். றெக்க மொளச்சதும் அந்தச் செம்பன நெழலுல சுத்தும். பசிச்சா…" சிலேட்டைக் காட்டினாள். "அது கேண்டீன்."

"எல்லாம் பக்கத்துலயே. நல்ல லொக்கேஷன்தான்."

"கடிக்கிறது பூரா பொம்பள ஈதான். முட்ட போட ரத்தம் வேணும். ஆம்பள ஈ பூவுல தேன் குடிச்சிட்டுச் சும்மா திரியும்."

"அலமாக். எங்க வீடும் இப்படித்தான் இருந்துச்சு," என்றார். சொன்ன பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆனால் சில நாள் கழித்து வந்தபோது போத்தலில் பெயருக்குத்தான் ஈ கிடந்தது. ஃபாயிஸாவின் முகம் தொங்கிவிட்டது. அவள் போன பிறகு அர்ச்சுனன் பந்தைப் போய்ப் பார்த்தார். மழைச் சேறு தெறித்து, தூசி படிந்து கிடந்தது. இப்படியா ஒரு சாமானை வெளியில் போட்டு வைப்பது? வீட்டுக்குப் போய்ப் பழைய பெட்டியைத் திறந்தார். பந்தைக் கழுவினார். காடிக்குப் போடும் மெழுகை இரண்டு முறை தடவி, நிழலில் காய விட்டு, வட்டம் வட்டமாக மெருகேற்றினார். பந்தில் அவர் முகம் தெரிந்தது, பின்னால் செம்பனை தெரிந்தது, வானம் தெரிந்தது. திருப்தியாகக் கட்டித் தொங்க விட்டுவிட்டு வந்தார்.

அடுத்த முறை ஃபாயிஸா பாரிட்டிலிருந்து கத்தியது வீடு வரை கேட்டது.

"அங்கிள்! யாரு பந்தத் தொட்டது?"

"நான்தான்மா. சும்மா… தூசியா இருந்துச்சு. லேசா ஒரு வேக்ஸ்."

அவள் போத்தலைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே கழுத்து வரை பழுப்பாக மொய்த்துக் கிடந்தது. இன்னும் சில வந்து பந்தில் முட்டி முட்டி மேலே போய்க்கொண்டிருந்தன.

"படிச்சிருக்கேன் அங்கிள். கறுப்பா இருந்து மினுக்கவும் செஞ்சா இதுங்களுக்குப் பைத்தியம் புடிச்சிரும். தண்ணிய அந்த மினுக்க வச்சுத்தான் கண்டுபுடிக்கும். கறுப்பு மாடும் அப்படித்தான் கண்ணுல படும். ஆனா ஒரு வேக்ஸ் இவ்வளவு வேல செய்யும்னு…"

அவள் பாதியில் நிறுத்தினாள். அவள் பார்வை போன திசையில் அர்ச்சுனனும் பார்த்தார்.

கொட்டகைக்கு வெளியே வெயிலில் சிலேட்டு நின்றது. காலையில் போட்ட எண்ணெயில் முதுகில் மேகம் ஓடியது. வால் ஓயாமல் அடித்தது, தோல் துடித்தது, ஒரு கால் மாற்றி ஒரு கால் தரையை உதைத்தது. அதை ஒட்டிக்கொண்டு வெளுத்த பல்பம் மங்கலாக நின்று, ஒரு ஈயும் இல்லாமல், அன்னாசித் தோலை மென்றுகொண்டிருந்தது.

ஃபாயிஸா போத்தலைக் கீழே வைத்தாள்.

"அங்கிள், தப்பா நெனச்சுக்காதீங்க. மாட்டுக்கு என்ன தேய்க்கிறீங்க?"

அவர் மஞ்சள் துணியைச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

மத்தியானத்தில் பிரேமலா மாட்டை அவிழ்த்துவிடுவாள். அது பாரிட் ஓரத்துச் சேற்றில் போய் விழுந்து புரண்டு, எருமை மாதிரி எழுந்து வரும். கொட்டகையில் தவிடு காய்ச்சும் அடுப்புச் சாம்பலை அவள் இரண்டு கையாலும் அள்ளி அதன்மேல் தூற்றுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பார்த்துவிட்டு அர்ச்சுனன் தலையில் அடித்துக்கொள்வார். "இப்படி வச்சிருந்தா எவன் வாங்குவான்?" என்பார். "இது விக்கிற சாமான் இல்லீங்க," என்பாள். அவ்வளவுதான் பேச்சு. ஏன் சாம்பல் என்று அவர் கேட்டதில்லை. அவள் சொன்னதும் இல்லை. அந்தச் சாம்பலுக்குள் மாடு அசையாமல் நின்று அசைபோட்டது மட்டும் இப்போது ஞாபகம் வந்தது.

"தேங்காய் எண்ணெய்மா," என்றார். "நல்ல எண்ணெய்தான்."

*

மறுநாளிலிருந்து பாலிஷ் நின்றது.

சொல்வது சுலபம். சிலேட்டு முதல் நாள் தயங்கித் தயங்கிச் சேற்றில் இறங்கியது. பிறகு மண்டி போட்டது. பிறகு அத்தனை மாதத்து ஷாம்புவையும் எண்ணெயையும் ஒரே புரளலில் துடைத்துப் போட்டது. அர்ச்சுனனுக்கு பிரேமலாவின் மாட்டைக் கவனிக்காமல் விட்டுவிட்ட மாதிரி இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றார், கை கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கெண்டியைத் தேய்த்தார். மோட்டார் சைக்கிள் கண்ணாடியைத் தேய்த்தார். செல்வாவின் லோரிக் கதவைப் பாதி தேய்த்தபோது செல்வா வந்துவிட்டான்.

"அண்ணே, மீதியையும் தேச்சிடுங்க. இல்லாட்டி ஒரு பக்கம் மாப்பிள்ள, ஒரு பக்கம் பிச்சக்காரன்னு தெரியுது."

நாள் போகப் போகச் சிலேட்டு மங்கியது. சாம்பல் தூற்றினால் இன்னும் மங்கியது. ஈக்கள் வந்தன, சுற்றின, ஒன்றிரண்டு உட்கார்ந்தன; பழைய கூட்டம் இல்லை. வால் மெதுவாக ஆடியது. ஒரு மத்தியானம் சிலேட்டு நின்றபடியே கண்ணை மூடித் தூங்குவதைப் பார்த்து, அர்ச்சுனன் தும்மல் வந்ததையும் அடக்கிக்கொண்டார்.

ஆனால் கிரகப்பிரவேசம் என்று ஒன்று இருக்கிறதே. ஐயருக்கு அன்று விடியலில் வேறு வீடு. இவர்களுக்குக் கிடைத்தது ஒன்பது மணிக்கு மேல். விடியல் என்றால் ஈ தூங்கிக்கொண்டிருக்கும். ஒன்பது மணி என்றால் வெயில் ஏறி, அதற்குப் பசியெடுக்கும் நேரம். போதாததற்கு, முதல் நாள் வீட்டைப் பார்க்கப் போனவர் சமையலறை ஜன்னலைத் திறந்தார். பின்னால் அலூர் என்று ஒரு வாய்க்கால், இரு கரையிலும் கோரை, சேற்றில் யாரோ கட்டிப் போட்ட ஆடுகள்.

"நல்ல காத்தோட்டம் மாமா," என்றான் மருமகன் மதிவாணன்.

"நல்ல லொக்கேஷன்," என்றார் அர்ச்சுனன், கோரை இலைகளைப் பார்த்தபடி.

மதிவாணனின் புதுக் காடி வாசலில் நின்றது. கறுப்பு. வாங்கிய கடையிலேயே பாலிஷ் போட்டிருந்தார்கள். அர்ச்சுனனின் கண்ணுக்கு அது பாலிஷே இல்லை. எத்தனையோ நாளாகச் சும்மா கிடந்த கைகள். மாமனாரின் சீதனம் என்று சொல்லி, மாலை வரை உட்கார்ந்து அதைக் கண்ணாடியாக்கிவிட்டுத்தான் பெக்கான் நானாஸுக்குத் திரும்பினார்.

*

காலையில் சிலேட்டைக் குளிப்பாட்டினார். எண்ணெய் போடவில்லை. அரைத்த மஞ்சளைக் கெட்டியாக உடம்பு முழுக்கப் பூசி, காய்ந்து வெடிக்கும்வரை விட்டு, அதன்மேல் விபூதியைக் குழைத்து விலாவில் அகலமாகப் பட்டை பட்டையாக இழுத்தார். செல்வா சுற்றி வந்து பார்த்தான்.

"என்னண்ணே, மாடு சபரிமலைக்குப் போகுதா?"

"வாய மூடிட்டு லோரிய எடு."

தம்போயில் இறக்கும்போது வெயில் சுள்ளென்று இருந்தது. வழியில் சேற்றுத் தண்ணீர் தெறித்துச் சிலேட்டின் கால்கள் நாலும் கறுத்திருந்தன. ரூபினி பட்டுப் புடவையில் ஓடி வந்தவள் கேட்டிலேயே நின்றுவிட்டாள். உள்ளே சொந்தக்காரர்கள், மதிவாணனின் ஆபீஸ்காரர்கள், நாலு போன்கள் ஏற்கெனவே தூக்கியபடி.

"என்னப்பா இது? தெனமும் தொடச்சு மினுக்க வப்பீங்களே, இன்னைக்குப் பாத்து ஏன் இப்படி?"

"இப்படி இருந்தாத்தான் சும்மா இருக்கும்மா."

"எல்லாரும் படம் எடுக்குறாங்க. ஒரு நிமிஷம் தண்ணியடிச்சா போதும்." அவள் புடவையை இடுப்பில் செருகி, வாசல் குழாயைத் திருகிவிட்டாள்.

அர்ச்சுனன் மாட்டுக்கு முன்னால் வந்து நின்றார். தண்ணீர் அவர் சட்டையில் அடித்தது, தலையில் அடித்தது, மூக்கிலிருந்து சொட்டியது.

"தள்ளுங்கப்பா!"

"ஈரம் பட்டா மினுக்கும். மினுக்குனா ஈ வரும். ஈ வந்தா உதைக்கும். உன்கிட்ட அப்புறம் சொல்றேன், இப்ப வேணாம்மா."

"அம்மா இருந்தா மாட்ட இந்தக் கோலத்துல கூட்டிட்டு வருவாங்களா?"

"அம்மா இருந்தா இந்தக் கோலத்துலதான் கூட்டிட்டு வருவா," என்றார். "நல்லா நெனச்சுப் பாரு. நான்தான் அத மினுக்க வச்சேன். அம்மா என்னைக்காச்சும் வச்சாளா?"

ரூபினி பார்த்தாள். மங்கலான உடம்பு, சாம்பல் கோடுகள், பாதி மூடிய கண்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கொட்டகையில் அப்படித்தான் ஒரு மாடு நிற்கும். பக்கத்தில் அம்மா கையைத் தட்டிச் சாம்பலை உதறிக்கொண்டு நிற்பாள். ரூபினி குழாயை மூடினாள்.

"சரி. நேரமாச்சு. வாங்க," என்றாள்.

அப்போதுதான் முதல் ஈ வந்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்து, கூரையைத் தாண்டி, கனமான ரீங்காரத்தோடு. அர்ச்சுனன் மட்டும் அதைக் கேட்டார். கயிற்றைப் பிடித்த கை இறுகியது. ஈ சிலேட்டின் தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டது, மஞ்சளை மோந்து பார்ப்பது போல இறங்கியது, யோசித்தது, நேராகப் போய் மதிவாணனின் காடி மேல் உட்கார்ந்தது. பின்னாலேயே இன்னொன்று. இன்னும் மூன்று. கறுப்புக் கண்ணாடியாக வெயிலில் நின்ற அந்தக் காடியைச் சுற்றி ஒரு திருவிழாவே கூடிவிட்டது. அதில் சாய்ந்துகொண்டு போன் பார்த்த மதிவாணனின் சித்தப்பா "ஐயோ!" என்று ஒரு முழம் துள்ளினார்.

"மாப்ள, உன் காடி கடிக்குது லா!"

எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். அர்ச்சுனன் சிலேட்டின் கழுத்தில் தட்டினார். பல்பம் முன்னால் துள்ளி ஓடியது. சிலேட்டு வாசற்படியை மோந்து பார்த்து, முன்காலைத் தூக்கி வைத்தது.

அந்த நேரம் ஏதோ ஒன்று அவர் தலையில் உட்கார்ந்தது.

நனைந்த வழுக்கை. வெயிலில் அது எப்படி மின்னியிருக்கும் என்று அவருக்கே தெரிந்தது. உட்கார்ந்த ஈ நிதானமாக இடம் பார்த்தது. பிறகு அறுத்தது. சூடான ஊசியைச் செருகித் திருகியது போல இருந்தது. ஒரு கையில் கயிறு. மறு கை மாட்டின் கழுத்தில். ஒரு கையை எடுத்து வீசினால் போதும், சிலேட்டு மிரளும். கும்பம் அங்கேதான் இருந்தது. ஐயரின் பின்னால் சோபாவும் இருந்தது. அர்ச்சுனன் பல்லைக் கடித்தார். ஈ குடித்தது. அவர் ஒரு அடி வைத்தார், சிலேட்டு ஒரு அடி வைத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. இருக்கட்டும் தாயே, குடி, மெதுவாகக் குடி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே படியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, பூஜை அறை வாசல் வரை மாட்டை நடத்திக்கொண்டு போனார்.

சிலேட்டு நின்றது. ஆரத்தியைப் பார்த்தது. தாம்பாளத்திலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தோலோடு தின்றது. பிறகு, யாரும் கேட்காமலே, புது டைல்ஸின் நடுவில் சாவகாசமாகச் சாணி போட்டது.

"மகாலட்சுமி!" என்றார் ஐயர், உற்சாகமாக. "இதுக்கு மேல என்ன வேணும்? பாக்கியம்!"

"பாக்கியத்த யாரு அள்ளுறது?" என்றாள் ரூபினி.

வெளியே வந்து மாட்டை லோரியில் கட்டிய பிறகுதான் அர்ச்சுனன் தலையைத் தொட்டார். இரத்தம் காதோரம் வரை வழிந்திருந்தது. நடுவில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம்.

ரூபினி கையில் தைலத்தோடு வந்தாள். லோரியின் நிழலில் அவரை உட்கார வைத்து, தலையைக் குனியச் சொல்லி, தடவிவிட்டாள். அதற்குள் வீடியோ எல்லாருக்கும் போய்விட்டிருந்தது. அவள் போனில் காட்டினாள்: வாசற்படியில், பசுவின் கழுத்தைப் பிடித்தபடி, முகம் கோணி, கண்ணீர் வழிய ஒரு வழுக்கைத் தலையர். கீழே சொந்தக்காரர்கள் வரிசையாகக் கைகூப்பியிருந்தார்கள். பிரேமலா அக்காவை நினைத்து அண்ணன் அழுதுவிட்டார். பார்க்கவே மனசு தாங்கவில்லை.

"அழுதீங்களாப்பா?"

"ஈ கடிச்சிச்சும்மா."

"ம்," என்றாள் ரூபினி. நம்பியதாகத் தெரியவில்லை. சிறிது நேரம் தடவிக்கொண்டே இருந்தாள். "பாரிட் பக்கம் போனா அம்மா எப்பவும் உங்க தலையில துண்டு போடுவாங்கல்ல?"

அவர் நிமிர்ந்தார். ஆமாம், போடுவாள். அவர் எடுத்து எறிவார், அவள் திரும்பவும் போடுவாள். "வெயிலுக்குன்னுல்ல நெனச்சேன்," என்றார்.

ரூபினி சிரித்தாள். சிரித்தபடியே உள்ளே போய், கிரகப்பிரவேசத்துக்கு வந்த புதுத் துண்டுகளில் ஒன்றைப் பிரித்துக்கொண்டு வந்து அவர் தலையில் போட்டாள்.

"வாரத்துக்கு ஒரு நாள் நான் அங்க வருவேன். பால் எடுத்துட்டு வருவேன். அந்த ரூம் அப்படியே இருக்கும். மாட்டப்பத்தி நான் பேசல."

"சரிம்மா."

"மதியோட காடிய இனிமே தொடாதீங்க."

செல்வா லோரியைக் கிளப்பினான். தாமானின் முனை வரை அர்ச்சுனன் துண்டைக் கழற்றவில்லை. பின்னால் சிலேட்டு மஞ்சள் வெடித்து உதிர, காற்றில் மங்கலாக நின்றுகொண்டு வந்தது.